வியட்நாமின் மரபு உணவுகள்: சுவைக்கு அடிப்படை மசாலாவா, மீன் சாஸா, பச்சிலையா?

நெய்தல்:
வியட்நாம் உணவைப் பற்றித் தமிழில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் ஃபோ என்ற அரிசி நூடுல்ஸ் சாற்றின் ஒரே கிண்ணத்தோடு நின்றுவிடுகின்றன. அதிலும் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ என்று நமக்குப் பழகிய பெயர்களைக் கண்டவுடன், அந்நாட்டுச் சமையலும் நம்முடையதைப் போல மசாலாவை நம்பி நிற்பது என்று எண்ணிக்கொள்கிறோம். இது அந்தச் சமையலைத் தவறான வாசல் வழியாக அணுகுவது என்பது என் உறுதியான கருத்து. வடக்கிலிருந்து தெற்குவரை ஏறத்தாழ 1,650 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் அந்நாட்டில், ஊருக்கு ஊர் உணவு மாறினாலும் மூன்று பொருட்கள் மட்டும் எங்கும் மாறுவதில்லை. அவை மீன் சாஸ், சமைக்காமல் உண்ணும் பச்சிலைகள், பல வடிவங்களில் வரும் அரிசி ஆகியவை. உலர்ந்த மசாலாப் பொருட்கள் சில குறிப்பிட்ட உணவுகளில் மட்டுமே தலைகாட்டுகின்றன. மூலப்பொருட்களை முன்வைத்து இந்த இழையை நடத்தலாம் என்று நினைக்கிறேன். உணவகப் பட்டியல்களையும் விலை விவரங்களையும் தவிர்த்து, ஒரு உணவில் என்ன சேர்கிறது, ஏன் சேர்கிறது என்பதை எழுதினால் அனைவருக்கும் பயன்படும்.

சமையற்கட்டு:
நல்ல தொடக்கம். ஆனால் மசாலாவை இவ்வளவு விரைவாக ஒதுக்கிவிட முடியாது. வடக்கே சீன எல்லையை ஒட்டிய லாங் சோன் மாகாணம் அன்னாசிப்பூவுக்குப் பெயர் பெற்றது. யென் பாய் மலைப்பகுதியில் பட்டை மரங்கள் தோப்புத் தோப்பாக வளர்கின்றன. இன்று உலகிலேயே மிகுதியாக மிளகு ஏற்றுமதி செய்யும் நாடும் வியட்நாம்தான். இத்தனையும் சொந்த மண்ணில் விளையும் ஒரு நாட்டின் சமையலில் மசாலாவுக்கு இடமில்லை என்று எப்படிச் சொல்வது?

ஃபோவையே எடுத்துக்கொள்வோம். மாட்டெலும்பை முதலில் கொதிநீரில் சில நிமிடங்கள் போட்டு, பொங்கி வரும் அழுக்கு நுரையோடு அந்த நீரை முழுவதும் கொட்டிவிட்டு, எலும்பை நன்றாகக் கழுவிய பிறகே உண்மையான சமையல் தொடங்குகிறது. இஞ்சியையும் வெங்காயத்தையும் தோலோடு நேரடியாக நெருப்பில் கருகும்வரை சுட்டு, கரியைச் சுரண்டிவிட்டுச் சாற்றில் இடுகிறார்கள். அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, மல்லி விதை, புகை மணம் கொண்ட பெரிய ஏலக்காய் வகை ஆகியவற்றை வெறும் சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து போடுகிறார்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் சாறு கலங்கிவிடும் என்பதால், ஓரத்தில் சிறு குமிழிகள் மட்டும் எழும் அளவு தணலில் பல மணி நேரம் வைக்கிறார்கள். அந்த முடிச்சு இல்லாவிட்டால் அது வெறும் எலும்புச் சாறுதான்.

நெய்தல்:
நீங்கள் விவரித்த முறை சரியானது. அதே விவரத்திலிருந்துதான் என் கருத்தும் பிறக்கிறது. அந்த முடிச்சை மணம் இறங்கியவுடன் எடுத்துவிடுகிறார்கள். ஒரு பெரிய பானைக்கு நான்கைந்து அன்னாசிப்பூக்களுக்கு மேல் போட்டால் சாறு மருந்து போலாகிவிடும் என்பது அங்குள்ள சமையற்காரர்களின் எச்சரிக்கை. மசாலா அரைபடுவதில்லை, எண்ணெயில் வதங்குவதில்லை, சாற்றைக் கெட்டிப்படுத்துவதும் இல்லை. கடைசியில் உப்பும் ஆழமும் தருவது மீன் சாஸ்தான்.

மேலும், ஃபோவை மரபு உணவுகளின் தலைமகனாகக் காட்டுவதிலும் சற்று நிதானம் வேண்டும். ஹனோய்க்குத் தெற்கே உள்ள நாம் தின் பகுதியிலும் ஹனோயிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான உணவு அது. அதற்கு முன் மாடு பெரும்பாலும் உழவுக்கான விலங்காகவே இருந்தது. பிரெஞ்சு ஆட்சியில் மாட்டிறைச்சிக்குச் சந்தை பெருகிய பிறகே எலும்பு மலிவாகக் கிடைத்தது. 1954 இல் நாடு இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது பல லட்சம் பேர் வடக்கிலிருந்து தெற்கே இடம்பெயர்ந்தனர். அவர்களோடு சென்ற ஃபோ, சைகோனில் (இன்றைய ஹோ சி மின் நகரம்) வேறு முகம் பெற்றது. வடக்கில் வெங்காயத்தாளும் பூண்டு ஊறிய வினிகரும் போதும். தெற்கில் முளைகட்டிய பயறு, திருநீற்றுப்பச்சிலை, எலுமிச்சை, இனிப்பான சோயா விழுதான ஹோய்சின் சாஸ் எனத் தட்டு நிறைந்துவிடும். சாற்றிலும் இனிப்பு கூடுகிறது.

மீன் சாஸைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நுவொக் மாம் எனப்படும் இதில் நல்ல தரமாக இருந்தால் நெத்திலியும் கடல் உப்பும் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. தென்மேற்கே தாய்லாந்து வளைகுடாவில் உள்ள ஃபூ குவோக் தீவில், பிடித்த மீனைக் கரைக்குக் கொண்டுவரும்வரை காத்திராமல் படகிலேயே உப்பிடுகிறார்கள். சுமார் மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்பது கணக்கு. ஆளுயரத்துக்கும் மேலான மரத்தொட்டிகளில் டன் கணக்கில் மீனை நிரப்பி, மேலே பலகைகளையும் பாரத்தையும் வைத்து, ஓராண்டு அளவுக்கு விட்டுவிடுகிறார்கள். மீனின் குடலிலுள்ள நொதிகள் தசைப் புரதத்தைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றன. மிகுதியான உப்பு அழுகலைத் தடுக்கிறது. தொட்டியின் அடியிலுள்ள குழாய் வழியே முதலில் வடியும் செம்பழுப்பு நிறச் சாறே உயர்ந்தது. பிறகு உப்பு நீர் ஊற்றி எடுக்கும் சாறுகள் அடுத்தடுத்த தரங்கள்.

புட்டியின் மீது 30, 40 என்று எண் குறிக்கப்பட்டிருந்தால் அது ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் நைட்ரஜன் உள்ளது என்பதைக் காட்டும். எண் கூடினால் புரதம் கரைந்த அளவும் சுவையின் ஆழமும் கூடும். 2012 இல் ஐரோப்பிய ஒன்றியம் ஃபூ குவோக் என்ற பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு அளித்தது.

பச்சைவயல்:
நான் தாவரவியல் படித்தவள் என்பதால் பச்சிலைகளைப் பற்றி எழுத விரும்புகிறேன். இணையக் குறிப்புகளில் ‘மூலிகைகள் ஒரு கைப்பிடி’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செயல். ஒவ்வொரு உணவுக்கும் உரிய இலை வேறு. அதை மாற்றினால் அந்த உணவே மாறிவிடுகிறது.

முதலில் நமக்கும் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். ராவ் மா என்பது நம் வல்லாரைதான். அதைப் பச்சையாக அரைத்து வடிகட்டிச் சர்க்கரை சேர்த்துக் குளிர்பானமாகத் தெருவோரங்களில் விற்கிறார்கள். ராவ் முவோங் என்பது வள்ளைக்கீரை. பூண்டோடு வதக்குவதும் உண்டு, வெறுமனே வேகவைப்பதும் உண்டு. வடக்கில் கீரை வெந்த நீரையும் கொட்டாமல், சாவ் என்ற புளிப்புக் காயையோ எலுமிச்சையையோ சேர்த்து அதே உணவுக்கு ரசமாகக் குடிக்கிறார்கள். மோங் தோய் என்பது கொடிப்பசலை. அதை வயல் நண்டை இடித்துப் பிழிந்த சாற்றில் கொதிக்கவைப்பது வட வியட்நாமியரின் கோடைக்கால உணவு. வாழைப்பூவை நாம் ஆய்ந்து வேகவைக்கிறோம். அவர்களோ மடல்களைத் தாள் போல மெல்லியதாகச் சீவி, கறுக்காமலிருக்க எலுமிச்சை நீரில் போட்டு, பச்சையாகவே கலவையிலும் நூடுல்ஸ் மேலும் சேர்க்கிறார்கள்.

லா லொத் என்பது மிளகு, வெற்றிலை குடும்பத்தைச் சேர்ந்த இலை. கொத்திய மாட்டிறைச்சியை அதில் சுருட்டித் தணலில் சுட்டால் இலையிலிருந்து மிளகு மணம் எழும். ராவ் ராம் என்பது கொத்தமல்லியைப் போல மணந்தாலும் நாவில் காரம் காட்டும் நீண்ட இலை. கோழிக்கலவைக்கு இதுதான் வேண்டும். கொத்தமல்லியையும் புதினாவையும் கலந்து இதற்கு ஈடு செய்யலாம் என்று எழுதுகிறார்கள். என் அனுபவத்தில் அது ஈடாகவே இல்லை. தீப் கா என்ற இதய வடிவ இலையைக் கசக்கினால் பச்சை மீன் வாடை வரும். வெளியாட்கள் முகம் சுளிக்கும் அந்த இலையைத் தென்பகுதி மக்கள் விரும்பிக் கேட்டு வாங்குகிறார்கள். தியா தோ எனப்படும் ஊதா நிற இலையும் கின் ஸோய் எனப்படும் எலுமிச்சை மணமுள்ள இலையும் வடக்கில் வறுத்த உணவோடு தவறாமல் இடம்பெறுபவை.

ஹனோயில் சதகுப்பை இலைக்கு ஒரு தனி இடம் உண்டு. சா கா என்ற உணவில் நன்னீர்க் கெளுத்தி வகை மீனை மஞ்சள், அரத்தை, புளிக்கவைத்த சோற்று விழுது ஆகியவற்றில் ஊறவைத்துத் தணலில் வாட்டுகிறார்கள். பிறகு உண்பவர் முன்னாலேயே சட்டியில் எண்ணெய் காயவைத்து, குவியல் குவியலாகச் சதகுப்பையையும் வெங்காயத்தாளையும் போட்டுப் புரட்டுகிறார்கள். அங்கே சதகுப்பை ஒரு காய்கறியின் அளவில் சேர்கிறது. பழைய ஹனோயில் ஒரு தெருவுக்கே அந்த உணவின் பெயர் உண்டு.

சைவச்சமையல்:
இழை மிகவும் பயனுள்ளதாக இருக்கிறது. எனக்கு ஒரு கேள்வி. மீன் சாஸ்தான் அடிப்படை என்றால், புலால் உண்ணாதவர்கள் இந்தச் சமையலைத் தொடவே முடியாதா? கீரை வதக்கலில்கூட மீன் சாஸ் ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

குமரிக்கரை:
பணி நிமித்தம் ஹோ சி மின் நகரத்தில் வசிப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. சாதாரண உணவகத்தில் கீரையிலும் டோஃபுவிலும் மீன் சாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பௌத்த மரபு அங்கே உறுதியான ஒரு சைவச் சமையலை வளர்த்திருக்கிறது. சந்திர நாட்காட்டியின்படி மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பல குடும்பங்கள் புலால் தவிர்க்கின்றன. அந்நாட்களில் ‘சாய்’ என்று பலகை மாட்டிய சைவ உணவகங்களில் இடம் கிடைப்பது கடினம். அந்தப் பலகையைப் பார்த்துச் சென்றால் அச்சமின்றி உண்ணலாம்.

அங்கே மீன் சாஸின் இடத்தைச் சோயா சாஸ் பிடிக்கிறது. அன்னாசிப்பழமும் உப்பும் சோயாவும் கொண்டு மீன் சாஸின் உவர்ப்பையும் ஆழத்தையும் நெருங்கும் சைவச் சாறும் செய்கிறார்கள். உப்பிலும் அரிசி மதுவிலும் புளித்த டோஃபுவான சாவ், குழைத்துத் தொட்டுக்கொள்ளவும் சாற்றில் கரைக்கவும் பயன்படுகிறது. சாற்றுக்கு எலும்பின் இடத்தில் முள்ளங்கி, சோளம், உலர்ந்த காளான் ஆகியவை சேர்கின்றன. அரச நகரமாக இருந்த ஹுவேயில் கோயில்களும் மடங்களும் மிகுதி என்பதால் சைவச் சமையலின் நுட்பத்தை அங்கே காணலாம்.

மருதம்:
மேகோங் கழிமுகப் பகுதியைத் தொடாமல் இந்த விவாதம் நிறைவு பெறாது. அங்கே ஒரு குடும்பத்தின் அன்றாடச் சாப்பாடு என்பது பெரும்பாலும் சோறு, கான் சுவா, கா கோ தோ என்ற மூன்றும்தான். இவற்றில் பின்னிரண்டும் ஒன்றுக்கொன்று துணை. ஒன்று புளிப்பும் நீர்த்தன்மையும் கொண்டது. மற்றது உப்பும் இனிப்பும் கெட்டியும் ஆனது.

கான் சுவா புளிச்சாறு. விரால் மீனை வெட்டி, தலையையும் சேர்த்து, நீரில் கொதிக்கவைத்துப் புளியைக் கரைத்து ஊற்றுகிறார்கள். பிறகு அன்னாசித் துண்டுகள், தக்காளி, சாய்வாக நறுக்கிய வெண்டைக்காய், பஞ்சு போலச் சாற்றை உறிஞ்சும் ஒரு சேம்புத் தண்டு, முளைகட்டிய பயறு என்று வரிசையாகச் சேர்க்கிறார்கள். எதுவும் குழையக்கூடாது. மீன் சாஸும் சர்க்கரையும் சேர்த்துச் சுவை பார்த்து இறக்கிய பிறகு, வயல் வரப்பில் வளரும் ராவ் ஓம் என்ற இலையை நறுக்கித் தூவுகிறார்கள். சீரகமும் எலுமிச்சையும் கலந்தது போன்ற அதன் மணம் சூடான சாற்றில் பட்டவுடன் எழுவதே இந்த உணவின் அடையாளம்.

பருவத்துக்கேற்ப இதில் சேரும் பூக்களைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் மேகோங்கில் வெள்ளம் ஏறும்போது, கம்போடியாவின் தோன்லே சாப் ஏரிப் பக்கமிருந்து கா லின் என்ற சிறு மீன்கள் நீரோடு கூட்டமாக வருகின்றன. அதே நேரத்தில் வரப்புகளில் சித்தகத்தியின் மஞ்சள் பூக்கள் மலர்கின்றன. மீனும் பூவும் ஒரே பருவத்தில் கிடைப்பதால் இரண்டும் ஒரே சட்டியில் சேர்கின்றன. நம் அகத்தியின் வெண்பூவையும் இதே புளிச்சாற்றில் இடுவதுண்டு. பூவின் இலேசான கசப்பு புளியை அடக்குகிறது. ஆற்றின் மேல்பகுதியில் அணைகள் பெருகிய பிறகு வெள்ளத்தின் அளவும் மீன்வரத்தும் குறைந்து வருவது மிகுந்த கவலைக்குரியது. ஒரு ஆற்றின் நீர்வரத்து மாறினால் ஒரு குடும்பத்தின் சாறு மாறிவிடும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை.

கா கோ தோ மண்சட்டியில் செய்யும் மீன். சிறிது எண்ணெயில் சர்க்கரையை உருக்கி, அது பொன்னிறம் தாண்டித் தேன் நிறமாகி, ஓரத்தில் புகை எழத் தொடங்கும் நொடியில் நீர் தெளித்து நிறுத்த வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் கசந்துவிடும். முன்னதாகவே நிறுத்தினால் வெறும் இனிப்பாகத் தங்கிவிடும். அந்தக் கரும்பழுப்புப் பாகில் மீன் துண்டுகள், மீன் சாஸ், சின்ன வெங்காயம், மிளகு, மிளகாய், இளநீர் சேர்த்துச் சிறு தீயில் வற்றவிடுகிறார்கள். கடைசியில் சாறு மீனின் மேல் ஒட்டிக்கொண்டு மினுமினுக்கும். எண்ணெயில் வதக்கிய மசாலா எதுவும் இல்லாமல் இந்த நிறமும் கனமும் வருகின்றன என்பதை இழையைத் தொடங்கியவரின் கருத்துக்கு ஆதரவாக வைக்கிறேன்.

சமையற்கட்டு:
தெற்கின் உணவுக்கு உங்கள் வாதம் பொருந்துகிறது. ஆனால் நடுப்பகுதியைப் பாருங்கள். பூன் போ ஹுவே என்ற உணவில் எலுமிச்சைப்புல்லைத் தண்டு தண்டாக நசுக்கி மாட்டெலும்பு, பன்றிக்கால் சாற்றில் இடுகிறார்கள். சாப்பிரா விதையை எண்ணெயில் காய்ச்சி அந்தச் செந்நிற எண்ணெயில் மிளகாயையும் எலுமிச்சைப்புல்லையும் வதக்கி மேலே ஊற்றுகிறார்கள். அதில் காரம் உண்டு, எண்ணெயில் வதக்குவதும் உண்டு. அரிசி நூடுல்ஸும் ஃபோவைப் போலத் தட்டையாக இல்லாமல் உருண்டையாகவும் தடித்தும் இருக்கும்.

நெய்தல்:
அதே சாற்றில் மாம் ருவோக் என்ற இறால் விழுதைக் கரைத்து, தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் ஊற்றுகிறார்கள் அல்லவா? எலுமிச்சைப்புல் மணத்தைத் தருகிறது. உப்பையும் ஆழத்தையும் அந்த விழுது தருகிறது. அதை நீக்கிவிட்டால் ஹுவேக்காரர் எவரும் அந்தக் கிண்ணத்தைத் தம் ஊர் உணவாக ஏற்கமாட்டார். உணவுக்கு உணவு புளித்த பொருளின் வகை மாறுகிறது. சா காவுக்கும் ஹனோயின் டோஃபு நூடுல்ஸ் தட்டுக்கும் மாம் தோம் என்ற ஊதா நிற இறால் விழுது வேண்டும். எலுமிச்சை பிழிந்து சர்க்கரை சேர்த்து நுரை வரும்வரை அடித்த பிறகே அதைத் தொட்டுக்கொள்கிறார்கள். நடுக்கடற்கரையில் மாம் நெம் என்ற கலங்கலான மீன் சாறு அன்னாசியோடு சேர்கிறது.

நடுப்பகுதியைச் சொல்லும்போது ஹோய் ஆன் துறைமுகத்தின் காவ் லாவ் என்ற நூடுல்ஸ் உணவையும் குறிப்பிட வேண்டும். அரிசியைச் சாம்பல் நீரில் ஊறவைத்து அரைத்துச் செய்வதால் அந்த நூடுல்ஸுக்குப் பழுப்பு நிறமும் கடிக்கும்போது ஒரு விறைப்பும் வருகின்றன. கடலில் உள்ள சாம் தீவுகளின் மரச் சாம்பலும், ஊரில் உள்ள பா லே கிணற்றின் நீருமே அதற்குரியவை என்பது ஊர் வழக்கு. சாறு கிண்ணத்தின் அடியில் சிறிதளவே இருக்கும். மேலே பன்றி இறைச்சித் துண்டுகளும் ட்ரா குவே கிராமத்துக் கீரைகளும் வறுத்த நூடுல்ஸ் சில்லுகளும் இடுவார்கள்.

சைவச்சமையல்:
பான் ஸேவ் என்பது நம் தோசையேதான் என்று ஒரு காணொளியில் கண்டேன். அது சரியா?

குமரிக்கரை:
பார்வைக்கு மட்டும்தான். அந்த மாவு புளிப்பதில்லை, அதில் உளுந்தும் இல்லை. அரிசி மாவோடு மஞ்சள்தூளும், தெற்கில் தேங்காய்ப்பாலும் சேர்த்து நீர்க்கக் கரைத்து, நன்கு காய்ந்த எண்ணெய்ச் சட்டியில் சுழற்றி ஊற்றுகிறார்கள். இறால், பன்றி இறைச்சி, முளைகட்டிய பயறு, வெந்த பாசிப்பருப்பு ஆகியவற்றை உள்ளே வைத்து மடிக்கிறார்கள். மொறுமொறுப்பான துண்டைக் கடுகுக்கீரை இலையிலோ லெட்டூஸ் இலையிலோ பச்சிலைகளோடு சுருட்டி, கரைத்த மீன் சாஸில் தோய்த்து உண்பதே முறை. தோசைக்குத் துணைக்கு வருவது சட்னி. இங்கே பச்சிலை துணைப்பொருளே அல்ல, உணவில் பாதி அதுதான்.

காரைக்காலன்:
மசாலாவைப் பற்றிய விவாதத்தில் நம் பக்கத்து உறவு ஒன்று விடுபட்டுவிட்டது. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பல தமிழர்கள் சைகோனுக்குச் சென்று எழுத்தர்களாகவும் காவலர்களாகவும் வரி வசூலிப்பவர்களாகவும் பணியாற்றினார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அங்கே வட்டித்தொழில் நடத்தினார்கள். ஹோ சி மின் நகரின் ட்ருவோங் தின் தெருவில் உள்ள மாரியம்மன் கோயில் அக்காலத்தின் அடையாளமாக நிற்கிறது. இன்று அங்கே வணங்குவோரில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீன வம்சாவளியினரும்தான்.

தெற்கு வியட்நாமின் கா ரி கா என்ற கோழிக்கறியில் இந்திய மசாலாப்பொடி சேர்கிறது. ஆனால் அது அங்கே போன பிறகு எவ்வளவு மாறிவிட்டது என்பதே கவனிக்கத்தக்கது. கறிவேப்பிலை இல்லை, தாளிப்பு இல்லை. அதற்கு மாறாக எலுமிச்சைப்புல், சாப்பிரா எண்ணெய், நிறையத் தேங்காய்ப்பால், பெரிய துண்டுகளாகச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, உப்புக்கு மீன் சாஸ். கெட்டியாக இல்லாமல் சாறாகவே வைத்து, பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற ரொட்டியைத் தோய்த்து உண்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் மூத்த தலைமுறையினர் சிலர் சைகோனில் வாழ்ந்தவர்கள் என்பதால் எலுமிச்சைப்புல் போட்ட கோழிக்குழம்பு எங்கள் வீட்டில் இன்றும் உண்டு.

பச்சைவயல்:
காரைக்காலன் ஐயா, அரிய செய்தி. அந்தக் குழம்பின் முழுச் செய்முறையைத் தனி இழையாக எழுதுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். புத்தாண்டு உணவையும் ஒரு வார்த்தை சேர்த்துவிடுகிறேன். தெத் எனப்படும் சந்திரப் புத்தாண்டுக்கு வடக்கில் பான் ச்சுங் செய்கிறார்கள். ஊறிய ஒட்டரிசியின் நடுவே பாசிப்பருப்பையும் மிளகு தடவிய கொழுப்புள்ள பன்றி இறைச்சியையும் வைத்து, லா சோங் என்ற காட்டிலையில் சதுரமாக மடித்து, மூங்கில் நாரால் இறுகக் கட்டி, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேகவைக்கிறார்கள். அரிசிக்குப் பச்சை நிறம் அந்த இலையிலிருந்தே இறங்குகிறது. ஹுங் மன்னரின் மகன் லாங் லியூ பூமிக்கு அடையாளமாகச் சதுர அப்பத்தையும் வானுக்கு அடையாளமாக வட்ட அப்பத்தையும் படைத்து அரியணை பெற்றான் என்பது பழங்கதை. தெற்கில் இதையே வாழையிலையில் உருளையாகச் சுற்றி பான் தெத் என்கிறார்கள். மசாலா என்று பார்த்தால் இதில் மிளகு ஒன்றுதான்.

சைவச்சமையல்:
கடைசியாக ஒன்று. எல்லோரும் ‘கரைத்த மீன் சாஸ்’ என்கிறீர்களே, அதன் அளவு என்ன? சைவச் சாற்றைக் கொண்டு வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறேன்.

நெய்தல்:
ஒரு பங்கு சாஸ், ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு, ஒரு பங்கு சர்க்கரை, நான்கு அல்லது ஐந்து பங்கு நீர் என்று தொடங்குங்கள். சர்க்கரையை முதலில் வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஆறவிட்ட பிறகு எலுமிச்சை பிழியுங்கள். சூட்டில் பிழிந்தால் கசப்பு ஏறும். பூண்டையும் மிளகாயையும் பொடியாக நறுக்கிக் கடைசியில் போட்டால் மேலே மிதக்கும். முதலிலேயே போட்டால் அடியில் தங்கிவிடும். வடக்கில் சர்க்கரையைக் குறைப்பார்கள், தெற்கில் நீருக்குப் பதிலாக இளநீர் ஊற்றுவார்கள். சைவச் சாற்றில் உப்பு எவ்வளவு என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்பதால், நீரை ஒரே முறையில் ஊற்றாமல் சுவை பார்த்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.